அக்கானி காய்ச்சுகிறவர்கள்

ஆய் வேளிரின் துறைமுகமாக இருந்த விழிஞத்துக்காகப் பாண்டியரும் சோழரும் படை நடத்தினார்கள். 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட புதிய துறைமுகத்தில் இப்போது மாபெரும் சரக்குக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. அந்த ஊர்ச் சாப்பாடு என்றதும் எல்லோருக்கும் மரச்சீனியும் மீன்கறியும்தான் நினைவுக்கு வரும். எனக்கு அதன் கருப்பட்டிக் காப்பி. அந்த இனிப்பைத் தேடித்தான் விழிஞம் இருக்கும் அதே நெய்யாற்றின்கரை தாலுகாவின் தெற்கு ஓரத்துக்கு, பாறசாலைப் பக்கம் போனேன்.

1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அவற்றோடு திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் சேர்த்துக் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. ஆனாலும் எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இப்புறமும் அப்புறமும் அதே அக்கானி என்கிற பதநீர், அதே கலயம், அதே சிரட்டை அச்சு.

பனையேற்றத்தைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. இடுப்பில் அருவாப்பெட்டி, காலில் தளைநார், காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவுதல், எல்லாம் உயிரைப் பணயம் வைக்கும் வேலை. ஆனால் இறக்கிய அக்கானியைக் கருப்பட்டியாக்குவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். அவர்களுடைய திறமையை யாரும் போதுமான அளவு பேசியதில்லை என்பது என் எண்ணம்.

நான் பார்த்த அம்மாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். காலையில் இறக்கியதை உடனே துணியில் வடிகட்டி அடுப்பேற்றினார். தாமதித்தால் புளித்துவிடும். அதைத் தடுக்கத்தான் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுகிறார்கள்.

"கொறஞ்சா புளிக்கும், கூடினா ருசி கெடும் மக்களே. வாயில வச்சாலே தெரிஞ்சுபோவும்" என்றார்.

காய்ந்த ஓலையும் மட்டையும்தான் விறகு. கொதி பொங்கியபோது நசுக்கிய ஆமணக்கு விதையைக் கொஞ்சம் போட்டார், நுரை அடங்கியது. நேரம் போகப்போக வெளிறிய சாறு பொன்னிறமாகி, சிவந்து, பிறகு கறுத்தது. குமிழிகள் கனத்து மெல்ல வெடித்தன. அவர் பேச்சை நிறுத்திவிட்டார். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்தார். உருளவில்லை. ஓலையை வெளியே இழுத்துத் தீயைக் குறைத்தார். மறுபடி ஒரு சொட்டு. இம்முறை உருண்டு நின்றது. உடனே பாத்திரத்தை இறக்கித் துடுப்பால் கிண்டத் தொடங்கினார். முந்தினால் கருப்பட்டி இளகிக் கிடக்கும், பிந்தினால் தீய்ந்து கசக்கும். அந்த இடைவெளி மிகச் சிறியது. அதைக் கண்ணும் விரலும் மூக்கும் சேர்ந்தே பிடிக்கின்றன. பத்து லிட்டர் காய்ச்சினால் ஒரு கிலோவை ஒட்டித்தான் கிடைக்கும். பதம் தவறினால் ஒரு காலையின் உழைப்பு முழுவதும் போய்விடும்.

பாகைச் சிரட்டைகளில் ஊற்றிவிட்டுத்தான் முகத்தைத் துடைத்தார்.

ஏணிக்காணம், தளைக்காணம் என்று ஏறும் கருவிகளுக்கே வரி வாங்கிய திருவிதாங்கூரில் தாக்குப்பிடித்த தொழில் இது. இப்போது கேரள அரசின் கெல்பாம் நிறுவனம் பனைப்பொருட்களுக்காக இயங்குகிறது. ஆனால் பனைகள் நின்ற விளைகளில் ரப்பரும் வீடுகளும் வந்துவிட்டன. இருக்கும் பனையில் ஏறவும் ஆள் குறைவு. இந்த வீட்டிலும் ஏறுகிறவர் அவருடைய கணவர் மட்டும்தான்.

சந்தையில் சீனிப்பாகு கலந்த கருப்பட்டி மலிவாகக் கிடைக்கிறதே, அந்த விலைக்கு எப்படிப் போட்டி போடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"நான் எதுக்குப் போட்டி போடணும்? பிள்ளை பெத்த வீட்டுக்கு மருந்து இடிக்க வாங்குதாவ. அதுல சீனியைக் கலந்து குடுக்க முடியுமா?" என்றார். அன்று ஊற்றியதில் பாதி அப்படியொரு வீட்டுக்கு ஏற்கெனவே சொல்லிவைத்ததாம். மீதியில் எனக்கு இரண்டு சிரட்டை கொடுத்து, ஓலையில் பொதிந்து அடுப்புக்கு மேலே கட்டி வைத்தால் மழைக்காலத்திலும் கசியாது என்றார்.