அம்மாவின் தடுப்பு

சிங்காரப்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில் கூடம் ஒன்றுதான். அத்தா மறைந்தபின் அம்மா எங்களோடு தங்க வந்தார்கள். அவர்களுக்கு உடை மாற்றவும் ஒதுக்கிடம் இல்லை. ஃபஜ்ருக்கு முன்னும், நண்பகல் ஓய்விலும், இஷாவுக்குப் பின்னும் வீட்டுச் சிறுவர்கூட அனுமதி கேட்டே நுழைய வேண்டும் என்கிறது திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம். கேட்டு நிற்க ஒரு வாசலேனும் வேண்டாமா?

சுவரில் துளையிட வீட்டுக்காரர் இசையவில்லை. 6 அடி உயர மரத்தடுப்பு ஒன்று செய்து, குறுகிய கால்களில் நிறுத்தினேன். மூன்றாம் நாள் என் இளைய மகன் அதில் சாய்ந்தான், தடுப்பும் சாய்ந்தது. அல்லாஹ் காத்தான், காயமில்லை.

"உயரம் கூடினா அடியும் அகலணும், பாய்" என்றார் தச்சர். அவர் சொற்படி ஒருபுறம் ஒன்றரை அடி அகல விசிப்பலகையைப் போல்ட்டுகளால் பிணைத்தேன். அமர்பவர் முதுகு சாய்த்தாலும் விழாதிருக்க, மறுபுறம் ஓரடி நீளக் கால்கள். விருந்து நாளில் நட்டுகளைக் கழற்றினால் கூடம் பழையபடி விரிந்துவிடும்.

அம்மா பலகையில் அமர்ந்தால் அவர்கள் எடையே தடுப்பை ஊன்றி நிறுத்துகிறது. இப்போது மகன் மரத்தைத் தட்டி, ஸலாம் சொல்லிக் காத்து நிற்கிறான். "வா, கண்ணு" என்ற குரல் கேட்ட பின்பே உள்ளே போகிறான்.