அக்கரையில் நின்ற அம்மா

திருச்சிக்குப் போகிறவர்கள் மலைக்கோட்டை ஏறாமல் திரும்புவதில்லை. ஆனால், 400-க்கும் மேற்பட்ட படிகளையும் ஒரே மூச்சில் ஏறி உச்சிப் பிள்ளையாரைப் பார்த்துவிட வேண்டும் என்கிற வேகத்தில், நடுவழியில் கோயில் கொண்டிருக்கும் தாயுமானவருக்கு ஓர் அவசரக் கும்பிடு போட்டுவிட்டுப் போகிறவர்கள் அநேகம் பேர். கைக்குழந்தைக்காரர்களும், குழந்தையை எதிர்பார்த்திருக்கும் சகோதரிகளும் அப்படிச் செய்யலாகாது. உங்களுக்கென்றே ஏற்பட்ட சந்நிதி அது.

ஸ்தல புராணம் தெரிந்ததுதான். இருந்தாலும் இன்னொரு தடவை கேளுங்கள். ரத்தினாவதி காவிரிப்பூம்பட்டினத்துச் செட்டிக் குடும்பத்துப் பெண். சிராப்பள்ளியில் வாழ்க்கைப்பட்டவள். பிரசவ காலம் நெருங்கவே, மருந்தும் பட்சணமுமாக மூட்டை கட்டிக்கொண்டு அவள் அம்மா புறப்பட்டாள். காவிரி வெள்ளம் அவளை அக்கரையிலேயே நிறுத்திவிட்டது. இங்கே பெண்ணுக்கு இடுப்பு வலி கண்டுவிட்டது. அவள் கூப்பிட்ட குரலுக்குச் சிவபெருமானே அம்மாவின் உருவத்தில் வந்தாராம். பிரசவம் பார்த்தார், பிள்ளையைக் குளிப்பாட்டினார், வெள்ளம் வடிகிற வரையில் வீட்டோடு இருந்தார். நிஜ அம்மா வாசலில் வந்து நின்றதும் மறைந்து போனார். சித்திரைத் திருவிழாவில் 'செட்டிப் பெண் மருத்துவம்' என்று இதை நடத்திக் காட்டுகிறார்கள். சுகப் பிரசவம் வேண்டிக்கொண்டவர்கள் வாழைத்தார் கொண்டுவந்து சமர்ப்பிக்கிறார்கள்.

இன்றைக்குக் காவிரியின் மேல் பாலங்கள் இருக்கின்றன. ஆனால் அம்மாக்கள் மட்டும் என்னவோ இன்னும் அக்கரையில்தான் நிற்கிறார்கள்! ஓர் அம்மாவுக்கு இன்னும் நாலு வருஷம் உத்தியோகம் பாக்கி. இன்னொருத்தி, திருச்சி விமான நிலையத்தில் ஏறி, மூத்த பெண்ணின் பிரசவத்துக்காக ஸிங்கப்பூர் போயிருக்கிறாள். பெண்ணுக்கோ பிரசவ விடுமுறை முடிந்து ஆபீஸுக்குத் திரும்ப வேண்டிய நாள் வந்துவிட்டது. குழந்தையை யார் பார்த்துக்கொள்வது?

நம் வீடுகளில் வழக்கமாக இரண்டு யோசனைகள் எழும். 'ஊரிலிருந்து ஒரு சின்னப் பெண்ணை, தூரத்து உறவாக இருந்தால் இன்னும் நல்லது, வரவழைத்து வீட்டுப் பெண் மாதிரி வைத்துக்கொள்ளலாமே' என்பார் மாமியார். 'சம்பளம் கொடுத்து வீட்டோடு ஓர் ஆயாவை வைத்துக்கொள்வோம்' என்பாள் மருமகள்.

இந்த 'வீட்டுப் பெண் மாதிரி' ஏற்பாடு ஐரோப்பாவிலும் உண்டு. 'ஓ பேர்' என்று அதற்குப் பெயர். பிரெஞ்சு மொழியில் 'சரிசமமாக' என்று அர்த்தம். அயல்நாட்டு இளம் பெண் ஒருத்தி அந்த வீட்டில் தங்கி, குழந்தையைப் பார்த்துக்கொண்டு, அந்த நாட்டு மொழியையும் கற்றுக்கொள்வாள். ஆனால் அங்கே 'மாதிரி' என்று சொல்லி விட்டுவிடவில்லை. 1969-ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓர் உடன்படிக்கையே எழுதினார்கள். வயது 17-க்குக் குறையக் கூடாது. சாதாரணமாக நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. மொழி வகுப்புக்குப் போக நேரம். கையில் செலவுக்குப் பணம். இரண்டு வருஷத்துக்கு மேல் அவளை வைத்துக்கொள்ளவும் முடியாது.

நம் ஊர் 'வீட்டுப் பெண்'ணுக்கு இவற்றில் எது உண்டு? உறவு என்பதால் சம்பளப் பேச்சே எழாது. படிப்பு நின்று போகும். இரவு குழந்தை அழுதால் முதலில் எழுந்திருப்பவள் அவள்தான். தீபாவளிக்கு ஒரு பாவாடையோடு கணக்குத் தீர்ந்துவிடும். 14 வயது நிரம்பாதவர்களை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்வது 2006 அக்டோபர் 10 முதல் சட்டப்படியும் குற்றம். உறவென்று சொல்லிச் சட்டத்திலிருந்து தப்பினாலும் மனசாட்சியிடம் தப்ப முடியுமா? எனவே என் ஓட்டு மருமகளுக்குத்தான்.

ஆனால் ஆயாவை அமர்த்தியதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. மலை உச்சியில் நின்று வடக்கே பாருங்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தென்னஞ்சோலைகள். அவற்றின் மேலே ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள். 1987-ல் கட்டி முடித்த ராஜகோபுரம் எல்லாவற்றையும் விட உயர்ந்து நிற்கிறது. கீழே இறங்கி ஒன்றாம் நம்பர் டவுன் பஸ்ஸைப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் அங்கே போய்விடலாம்.

ஏழு சுற்றுக்களில் ஒன்றுக்குக் குலசேகரன் திருச்சுற்று என்று பெயர். அங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். கண்ணனை வளர்த்த யசோதையாகத் தம்மைப் பாவித்துக்கொண்டு தாலாட்டினார் பெரியாழ்வார். குலசேகரரோ, பெற்றும் வளர்க்கக் கிடைக்காத தேவகியாக மாறிப் புலம்பினார். தொட்டிலாட்டவில்லையே, தளர்நடை பார்க்கவில்லையே, வெண்ணெய் அளைந்த கையைக் காணவில்லையே என்கிற ஏக்கம் அது. ஆபீஸில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு அந்த ஏக்கம் சொல்லாமலே புரியும். ஆனால் உங்கள் வீட்டில் இன்னொரு தேவகியும் இருக்கிறாள். உங்கள் குழந்தைக்குச் சோறூட்டும் அந்த அம்மாளின் குழந்தைக்கு, லால்குடிப் பக்கமோ முசிறிப் பக்கமோ, வேறு யாரோ சோறூட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மலைக்கோட்டைக்கு மேற்கே உறையூர், பழைய சோழர் தலைநகர். அந்தக் காலத்துப் பெரிய வீடுகளில் செவிலித்தாய் இருந்தாள். தலைவியின் உயிர்த்தோழி யார் தெரியுமா? செவிலியின் மகள்தான் என்கிறது தொல்காப்பியம். வளர்க்க வந்தவளின் பிள்ளையும் அந்த வீட்டிலேயே வளர்ந்தது! நம்முடைய இரண்டு அறை வீடுகளில் அதற்கு இடமில்லை, வாஸ்தவம். ஆனால் வாரம் ஒரு நாள் ஊருக்குப் போய்வர விடலாம் அல்லவா? தினமும் சாயங்காலம் தன் பிள்ளையோடு டெலிபோனில் பேச அரை மணி கொடுக்கலாம். தாழ்ப்பாள் உள்ள ஓர் இடத்தில் படுக்கை, முதல் தேதி தவறாமல் சம்பளம் இவற்றையெல்லாம் முதல் நாளே வாய்விட்டுப் பேசிவிடுங்கள். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு 2007 முதல் நல வாரியம் இருக்கிறது. அதில் பதிந்தால் பிள்ளையின் படிப்புக்கு உதவித் தொகை கேட்கலாம். அந்த மனுவை நீங்களே உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள்.

மலைக்கோட்டைக்குக் காலையிலேயே போய்விடுவது நல்லது. மத்தியானம் தாயுமானவர் சந்நிதி நடை சாத்தியிருக்கும். வெயிலில் பாறையும் சுடும். ஆயாவும் வருவதானால் அவள் பிள்ளையையும் ஊரிலிருந்து வரவழைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஒரு நாள் உங்கள் குழந்தை உங்கள் இடுப்பிலேயே இருக்கட்டும்.