மீண்டும் தூரிகை பிடித்தேன்

ராயபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஆண்டுக்கு இரண்டு முறை ஓவிய முகாம் நடத்தி வந்தேன். முகாம் என்பதெல்லாம் பெரிய பெயர். ஐந்தாறு பெண்கள், இரண்டு பாய், ஒரு குடம் தண்ணீர், பிளாஸ்க்கில் காப்பி, ஆளுக்கொரு வாட்டர் கலர் பெட்டி. அவ்வளவுதான். முதல் நாள் விடியற்காலையில் காசிமேட்டுப் படகுகள். மறுநாள் எண்ணூர் கழிமுகம். அடுப்பையும் குழந்தைகளையும் இரண்டு நாள் மறந்து உட்கார்ந்து வரைவதில் உள்ள சுகம், வந்தவர்களுக்குத்தான் தெரியும்!

2022 தொடக்கத்தில் ஒருநாள் குளிக்கும்போது வலது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலியே இல்லை. 'வலிக்காத கட்டி என்ன செய்துவிடப் போகிறது?' என்று இருந்துவிட்டேன். மகளுக்கு ப்ளஸ் டூ பரீட்சை வேறு. இரண்டு மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை. பெரும்பாலும் வலி இல்லாமல்தான் இந்த நோய் ஆரம்பிக்கும் என்பது டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது.

ஆபரேஷன், மருந்து ஏற்றுவது, கரண்ட் வைப்பது என்று ஒரு வருஷம் ஓடியது. கொட்டிய முடி மறுபடி முளைத்தது. ஆனால் அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்திருந்ததால், நீர் சரியாக வடிய வழியில்லாமல் வலது கை வீங்கியது. அந்தக் கைக்கு இறுக்கமான உறை போட வேண்டும். கனமான சாமான் தூக்கக் கூடாது. சூடு, வெட்டுக்காயம் படக் கூடாது. தினமும் சுவரில் விரல்களை மெல்ல மெல்ல மேலே நகர்த்திப் பயிற்சி செய்ய வேண்டும்.

வர்ணப் பெட்டியைத் திறக்கவே மனமில்லை. கை நடுங்குமோ என்ற பயத்தைவிட, பார்க்கிறவர்கள் 'ஐயோ பாவம்' என்பார்களே என்ற கூச்சம்தான் அதிகம். என் கணவர்தான் ஒருநாள் சிரித்துக்கொண்டே, "சாம்பார் கிளறுகிற கைக்கு வர்ணம் கரைக்க முடியாதா?" என்றார். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸைப் பற்றியும் நினைத்துக்கொண்டேன். 1941-ல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆன பிறகு, சக்கர நாற்காலியிலும் படுக்கையிலும் இருந்தபடியே வர்ணத் தாள்களைக் கத்தரித்துப் படங்கள் செய்தவர் அவர்.

2024 பொங்கல் கழிந்து, நான்கு பேருக்கு மட்டும் சொல்லி அனுப்பினேன். கையுறை தெரியாமலிருக்க முழுக்கை ஜாக்கெட் தைத்துக்கொண்டேன். எப்படி என் சாமர்த்தியம்!

எண்ணூருக்குப் போனோம். முந்தைய டிசம்பரில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கழிமுகமெங்கும் பரவியிருந்தது. அலையாத்திச் செடிகளின் தண்டுகளில், எண்ணெய் நின்ற மட்டத்துக்குக் கறுப்புக் கோடு. திருவொற்றியூரிலிருந்து வந்த ஓர் இளம் தாய் கேட்டாள்:

"டீச்சர், இந்தக் கறுப்பை விட்டுடலாமா? படகும் தண்ணியும் மட்டும் போட்டா அழகா இருக்கும்."

முன்பெல்லாம் நானே அப்படித்தான் சொல்லிக் கொடுப்பேன். அனல்மின் நிலையப் புகைபோக்கியைக்கூட விட்டுவிடச் சொல்வேன். அன்றைக்கு வாய் வரவில்லை.

"போடும்மா. அதுவும் இங்கே இருக்கிறதுதானே? டியூப்பிலிருக்கிற கறுப்பு வேண்டாம். நீலத்தோட செம்பழுப்பைக் கலந்து பார், அந்த நிறம் வரும்."

சொல்லி முடித்ததும் எனக்கே சுருக்கென்றது. கறையை மறைக்காதே என்று சொல்லிவிட்டு, இந்த வெயிலில் முழுக்கை ஜாக்கெட்டுக்குள் நான் எதை மூடி வைத்திருக்கிறேன்? கையைச் சுருட்டி, உறையைக் காட்டி, நடந்ததையெல்லாம் சொன்னேன். யாரும் 'ஐயோ பாவம்' என்று சொல்லவில்லை. ஒருத்தி எழுந்து தண்ணீர்க் குடத்தைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது கும்மிடிப்பூண்டி ரயிலில் கூட்டமில்லை. கத்திவாக்கம் தாண்டியதும் அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"டீச்சர், எனக்கும் ஒரு கட்டி இருக்கு. ஆறு மாசமாச்சு. பிள்ளைக்குப் பால் நிறுத்தினதுல வந்ததுன்னு விட்டுட்டேன். வீட்ல சொல்லல."

திருவொற்றியூரில் அவளோடு நானும் இறங்கினேன். அவள் மாமியாரிடம் பக்குவமாகச் சொன்னேன். "இத்தனை நாள் ஏம்மா சொல்லல?" என்று அந்த அம்மாள் பதறிப் போய்விட்டார். திங்கட்கிழமை மூவருமாக டாக்டரிடம் போனோம். ஸ்கேன், ஊசிப் பரிசோதனை. முடிவு வரும் வரை ஐந்து நாள் எனக்கும் தூக்கமில்லை. கடைசியில் சாதாரணக் கட்டிதான், பயமில்லை என்றார்கள்.

மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை இப்படித்தான். ஆனால் எது சாதாரணம், எது அப்படியில்லை என்பதை நாமே தொட்டுப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. 'பரீட்சை முடியட்டும், பண்டிகை போகட்டும்' என்று தள்ளிப் போடாதீர்கள். நான் போட்டேன்; தவறு.

இப்போது என் முகாம் ஒரே நாள்தான். களைத்தால் பாயில் படுத்துக்கொண்டே பாடம் சொல்கிறேன். குடத்தை அவர்கள் தூக்குகிறார்கள். கறுப்புக் கோடு போட்ட அந்தப் படத்தை அவள் எனக்கே கொடுத்துவிட்டாள். தினமும் விரல் பயிற்சி செய்யும் சுவரில், என் கை எட்டும் உயரத்துக்குச் சற்று மேலே மாட்டியிருக்கிறேன். இன்னும் நாலு விரற்கடை பாக்கி!