பக்கத்து சீட்

இன்னைக்கு கேஷுவாலிட்டியில் ஒரு பையனைக் கொண்டு வந்தாங்க. டூவீலர் விபத்து. வரும்போதே உயிர் இல்லை. அவன் அம்மா கேட்டாங்க: "வெளியில ஒரு காயம்கூட இல்லையே சார், எப்படி?"

இதே கேள்வியை ஒரு முறை என் சீனியரோட அப்பா என்கிட்ட கேட்டிருக்கார். அண்ணனைப் பற்றி இதுவரை நான் எழுதினதே இல்லை.

ஹவுஸ் சர்ஜன்சியில் முதல் வென்ஃப்ளான் போடும்போது என் கை நடுங்கியது. பின்னால் வந்து நின்று, "கண்ணால தேடாதடா, விரலால தொட்டுப் பாரு" என்றவர் அண்ணன்தான். நாடி பார்க்கும் முன் நோயாளியிடம் "சாப்டீங்களா?" என்று கேட்பார். இன்று நானும் அப்படித்தான் கேட்கிறேன். அவரிடம் திருடியது.

கார் பைத்தியம். (சொந்தமா வச்சிருந்தது ஒரு பழைய ஸ்கூட்டர்!) ஹாஸ்டல் அறைச் சுவரில் பால் வாக்கர் படம். 2013 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை, கலிஃபோர்னியாவிலிருந்து செய்தி வந்தபோது அண்ணன் மெஸ்ஸுக்கே வரவில்லை. பிறகு விசாரணை விவரங்கள் வெளியானதும் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். போர்ஷே கரேரா ஜிடி. ஓட்டியது வாக்கர் இல்லை, ரேஸ் அனுபவம் உள்ள அவருடைய நண்பர் ரோஜர் ரோடாஸ். மணிக்கு 72 கிலோமீட்டர்தான் போகலாம் என்ற சாலையில் 130லிருந்து 150 வரை. டயர்களுக்கு வயது ஒன்பது. "நல்லா ஓட்டத் தெரிஞ்சவன்தான்டா, பாரு."

இவ்வளவும் தெரிந்த மனுஷன்தான், மூன்று வருஷம் கழித்து, நண்பன் புதிதாக வாங்கிய ஸ்போர்ட்ஸ் காரில் பக்கத்து சீட்டில் ஏறினார். டியூட்டி முடிந்த இரவு. "ஈசிஆர்ல ஒரு ரவுண்டு." கார் சென்டர் மீடியனில் மோதியது. ஓட்டியவன் பிழைத்தான்.

அண்ணன் பெல்ட் போட்டிருந்தார். ஆனால் வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு. கார் நின்றது, பெல்ட்டில் உடம்பும் நின்றது. உள்ளே இதயம் மட்டும் முன்னால் போனது. பெருந்தமனியின் ஒரு பகுதி முதுகெலும்பை ஒட்டிப் பிடித்திருக்கும், மேல்பகுதி இதயத்தோடு ஆடும். இரண்டும் சேரும் இடத்தில் கிழிந்துவிட்டது. பெரும்பாலும் ஆம்புலன்ஸ் வரும் வரைகூட உயிர் தாங்காது.

இதை அப்படியே அப்பாவிடம் ஒப்பித்தேன், ஐந்து மார்க் கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரி. அவர் கேட்டது அது இல்லை என்று புரியவே எனக்குச் சில வருஷம் ஆச்சு. இன்னைக்கு அந்த அம்மாகிட்ட, "உள்ளே பலமா அடிபட்டிருக்கும்மா" என்று மட்டும் சொல்லிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஓட்டியவன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். வருஷா வருஷம் அந்தத் தேதியில் ஃபோன் பண்ணுவான். எடுப்பதில்லை.

ஆனா அன்னைக்கு அவங்க ஹாஸ்டல் கேட்டைத் தாண்டும்போது வீடியோ எடுத்தது நான். அதில் "மிதிடா மச்சான்!" என்று கத்துவதும் என் குரல்தான்.