முகத்துக்கு நேரே அடிக்கும் வெளிச்சம்



முகூர்த்த மாதம் வந்துவிட்டால் வில்லியனூருக்கும் பாகூருக்கும் இடையில் ஒரே நாளில் இரண்டு மூன்று மண்டபம் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. ஓய்வு பெற்ற ஆசிரியருக்குப் பத்திரிகை வராத வாரமே இல்லை. மேடை ஏறி நின்றதும் "சார், இந்தப் பக்கம் பாருங்க" என்று ஒரு குரல் வரும். பாதி நேரம் அந்தக் கேமராவுக்குப் பின்னால் இருப்பதும் நம் பள்ளியில் படித்த பிள்ளைதான். இந்தப் பதிவு அந்தப் பிள்ளைகளுக்கும், அவர்களை அமர்த்துகிற பெற்றோருக்கும். பொருள், பிளாஷ் மேல் மாட்டுகிற டிஃப்யூசர். இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒன்பதாம் வகுப்பில் கருநிழல், புறநிழல் படித்தது நினைவிருக்கிறதா? ஒளி மூலம் சிறியதாக இருந்தால் நிழல் கத்தியால் வெட்டியதுபோல் விழும். பெரியதாக இருந்தால் நிழலின் ஓரம் கரைந்து மங்கும். சூரியனின் விட்டம் ஏறத்தாழ 14 லட்சம் கிலோமீட்டர். ஆனால் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் நம் கண்ணுக்கு அது அரை டிகிரி அகலம்தான். அதனால்தான் உச்சி வெயிலில் புருவத்துக்குக் கீழே கண் குழி கறுப்பாகிவிடுகிறது. மேகம் மூடிய நாளில் வானம் முழுவதுமே விளக்காகிவிடும். அன்று யாரைப் படம் எடுத்தாலும் முகம் நன்றாக வரும்.

பிளாஷின் முகப்பு சுமார் 7 சென்டிமீட்டர் அகலம். 3 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அது ஒன்றேகால் டிகிரி அளவு. கிட்டத்தட்ட ஒரு சின்ன சூரியன். மூக்கின் நிழல் கன்னத்தில் கோடு போடும், பின்சுவரில் ஒரு கறுப்பு ஆள் நிற்பார். அதே தூரத்தில் ஒரு மீட்டர் அகலமுள்ள வெள்ளைக் குடையில் வெளிச்சத்தை அடித்துத் திருப்பினால் 19 டிகிரி. முகத்தின் மேடு பள்ளம் எல்லாவற்றையும் அந்த ஒளி தடவிச் செல்லும். ஒளியை மென்மையாக்குவது மறைப்புத் துணியோ பிளாஸ்டிக்கோ அல்ல, ஒளி வருகிற பரப்பின் அகலம். அதையும் முகத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். அதே குடையை 10 மீட்டர் தள்ளி வைத்தால் வெறும் 6 டிகிரிதான்.

இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. பிளாஷ் தலையில் பால் நிறப் பிளாஸ்டிக் மூடி ஒன்றை மாட்டிக்கொண்டு, வேலை முடிந்தது என்று நம் பிள்ளைகள் பலர் நினைக்கிறார்கள். மூடி மாட்டினாலும் அகலம் 7 சென்டிமீட்டர் 8 ஆகிறது, அவ்வளவுதான். மண்டபத்துக்குள் அது பயன்படும். எப்படி என்றால், மூடி ஒளியை நாலா பக்கமும் சிதறடிக்கும், வெள்ளைக் கூரையும் சுவரும் அதை வாங்கித் திருப்பித் தரும். அங்கே உண்மையான டிஃப்யூசர் கூரைதான். வில்லியனூர் திருக்காமீஸ்வரர் தேர் இரவில் நிலைக்கு வருவதைத் திறந்த வீதியில் நின்று எடுக்கும்போது திருப்பித் தர மேலே எதுவும் இல்லை. மூடி அங்கே பேட்டரியைத்தான் குடிக்கும்.

துணிப் பந்தலில் வேறு தொல்லை. ரோஸ் நிறத் துணியில் பட்டுத் திரும்பும் ஒளி மாப்பிள்ளையையும் ரோஸ் ஆக்கிவிடும். கோயில் மண்டபத்தின் எண்ணெய்ப் புகை படிந்த கருங்கல் கூரை ஒளியை விழுங்கிவிடும். இந்த இரண்டு இடத்திலும் வெள்ளைக் குடையை ஒரு பையன் கையில் கொடுத்து, முகத்துக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் உயரத்தில் பிடிக்கச் சொல்வதே வழி.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. மின்சாரம் வருவதற்கு முந்தைய ஸ்டூடியோக்களில் கண்ணாடிக் கூரையும் பெரிய சன்னலும் வைத்து, வெள்ளைத் திரையை இழுத்தும் விலக்கியும் பகல் ஒளியை அளந்து முகத்தில் விடுவார்கள். 1955-இல் தொடங்கிய நம் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடி எடுத்து மின்னுருவாக்கி வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துப் படங்களைப் பாருங்கள். கறுத்த முகமும் சுருக்கமும் நரைத்த மீசையும் அப்படியே உயிரோடு இருக்கும்.

இப்போது கொஞ்சம் சங்கடமான விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர்ப் பெண்கள் பெரும்பாலும் மாநிறம், கறுப்பு. பக்கத்தில் வெள்ளை வேட்டி சட்டையில் மாப்பிள்ளை. நேர் பிளாஷ் அடித்தால் தானியங்கிக் கேமரா அந்த வெள்ளையைப் பார்த்து ஒளியைக் குறைத்துவிடும். பெண்ணின் முகம் இருண்டுபோகும், நெற்றியிலும் மூக்கிலும் வியர்வை மட்டும் பளபளக்கும். அதைச் சரிக்கட்ட முகத்தில் மாவு பூசியதுபோல் மேக்கப், அதற்கும் மேலே கம்ப்யூட்டரில் வெளுப்பாக்குதல். என்னிடம் படித்த பெண் ஒருத்தி ஆல்பத்தை என் கையில் கொடுத்து, "சார், இதுல எங்க வீட்டுக்காரர் இருக்காரு, எங்க அம்மா இருக்காங்க, நான்தான் இல்ல" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிள்ளைகளே, கறுப்பு முகத்தின் அழகு அதில் ஒளி வழுக்கிச் செல்லும் விதத்தில் தெரியும். சிறிய விளக்கு அதில் புள்ளியாய் மின்னும், அகலமான விளக்கு மெருகாய்ப் படரும். மாற்ற வேண்டியது விளக்கை. பெண்ணை அல்ல.

இன்னொன்று. நம் வீடுகளில் மாலை போட்டு மாட்டியிருக்கும் படங்கள் எங்கிருந்து வந்தவை என்று யோசித்திருக்கிறீர்களா? பெரியவர்கள் தனியாக ஸ்டூடியோவுக்குப் போய் உட்கார மாட்டார்கள். அவர்கள் போன பிறகு, யாரோ ஒருவர் திருமணத்தில் ஓரமாக நின்ற குரூப் போட்டோவிலிருந்து முகத்தை வெட்டிப் பெரிதாக்குகிறோம். என் அம்மாவின் படமும் அப்படி வந்ததுதான். அம்மா மூக்குக் கண்ணாடி போட்டிருப்பார். படத்தில் கண் இருக்கும் இடத்தில் இரண்டு வெள்ளை வட்டம். படுகோணமும் மீள்கோணமும் சமம் என்று ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த வீடு. ஆனால் பேத்தி வந்து, "ஆயா கண்ணு எப்படித் தாத்தா இருக்கும்?" என்று கேட்டால் காட்ட என்னிடம் வேறு படம் இல்லை. வாயால்தான் சொல்கிறேன்.

லென்சுக்குப் பக்கத்திலிருந்து போகும் ஒளி கண்ணாடியில் பட்டு நேரே லென்சுக்கே திரும்புகிறது. அதே ஒளி கூரையிலிருந்து இறங்கினால் பிரதிபலிப்பு தரைப் பக்கம் போய்விடும், கண் தெரியும். பிளாஷின் கழுத்தை மேலே திருப்ப ஒரு வினாடி போதும்.

ஸ்டூடியோ வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு நடைமுறைக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். கூரையில் அடித்துத் திருப்பினால் ஒளி நாலில் ஒரு பங்காகக் குறையலாம், சில இடங்களில் அதற்கும் கீழே போகும். ஐ.எஸ்.ஓ.வை 400-லிருந்து 1600-க்கு ஏற்றினால் நாலு மடங்கு ஈடாகிவிடும். முழுச் சக்தியில் அடித்தால் பிளாஷ் மறுபடி நிரம்ப இரண்டு மூன்று வினாடி வேண்டும். தாலி முடிச்சு விழும் நேரமும் அவ்வளவுதான். கெட்டிமேளம் கேட்பதற்கு முன்பே படபடவென்று அடித்துத் தீர்த்துவிடாதீர்கள். ஷட்டரைக் கொஞ்சம் மெதுவாக்கினால், 30-இல் ஒரு பங்கு வினாடி அளவில், குத்துவிளக்கின் மஞ்சள் ஒளியும் படத்தில் நிற்கும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ட்ரோன் உண்டா, எல்.இ.டி. திரை உண்டா என்று கேட்டு விலை பேசுகிறீர்கள். கூடவே, "லைட்டுக்கு என்ன செய்வீங்க தம்பி?" என்றும் கேளுங்கள். குடை பிடிக்கும் பையனுக்குக் கொடுக்கும் கூலி வீண்செலவு ஆகாது. அடுத்த கல்யாணத்தில் முன்வரிசையில் தாத்தா பாட்டி உட்கார்ந்திருந்தால், குரூப் போட்டோவோடு நிறுத்தாமல், கூரை வெளிச்சத்தில் ஆளுக்கொரு தனிப்படம் எடுக்கச் சொல்லுங்கள். கண் தெரியும்படி.

தொழிலில் இருக்கும் பிள்ளைகள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள், தெரிந்துகொள்கிறேன். எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் வாத்தியார், பாகூர்