பத்தடி பின்னால்

அப்பா மறைந்து ஒன்பது மாதம் கழித்துத்தான் அந்த ஜீப்பின் மேல் போர்த்தியிருந்த தார்ப்பாயை விலக்கினோம். கோழிகள் அடைந்து, கறையான் ஏறி, நான்கு டயர்களும் தரையோடு ஒட்டிக் கிடந்தன. மஹிந்திரா சிஜே-3பி. 1984-ல் ஓர் அரசுத் துறை ஏலத்தில் எடுத்தது. பொள்ளாச்சிச் சந்தையில் காய்கறியும் மளிகையும் ஏற்றிக்கொண்டு வால்பாறைத் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளுக்குக் கொண்டுபோய் விற்பது அப்பாவின் தொழில். 2006 வரை அந்த வண்டியில்தான் ஏறி இறங்கினார். எங்கள் படிப்பு, அக்காவின் கல்யாணம் எல்லாம் அந்த நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஓடிச் சம்பாதித்தவை.

வண்டியை மீட்பது என்று முடிவானதும் அக்கா மகன் முன்னால் வந்து நின்றான். "டிரான்ஸ்ஃபர் கேஸ தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வெச்சுரலாம் மாமா. புது வண்டியில வர்றது சத்தமே இருக்காது." அவன் சொன்னதில் நியாயமிருந்தது. வண்டியின் நடுவயிற்றிலிருந்து எழும் அந்த ஊளை எங்கள் பிள்ளைப்பிராயம் முழுவதும் கேட்டது. அப்பா வருவதை இரண்டு தெரு முன்பே அறிவித்துவிடும். பள்ளிக்கூட வாசலில் அது கேட்டால் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றதும் உண்டு.

இந்த டிரான்ஸ்ஃபர் கேஸ் பற்றி அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கியர்ப் பெட்டியிலிருந்து வரும் சுழற்சியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பகிர்ந்து கொடுக்கிற இரும்புப் பெட்டி அது. வேண்டாதபோது முன் அச்சைக் கழற்றிவிடும். வேண்டும்போது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும். எங்கள் வண்டியில் இருந்தது ஸ்பைசர் 18 என்ற வகை. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவ ஜீப்புக்காக வந்தது. ராணுவ வண்டியில் அதன் 'லோ' விகிதம் 1.97, போர் முடிந்து 1945-ல் உழவருக்கென்று ஜீப் செய்தபோது 2.46 ஆக்கினார்கள். ஏர் இழுக்க மெதுவான நடை வேண்டுமல்லவா! 1947-ல் பம்பாயில் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியபோது இந்தப் பெட்டியும் கூடவே நம் ஊருக்கு வந்து சேர்ந்தது.

கணபதியில் ஒரு பட்டறை. மேஸ்திரிக்கு எழுபதைத் தாண்டிய வயது. மருமகனின் யோசனையைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு வண்டிக்கடியில் குனிந்து காட்டினார். இந்தப் பெட்டியிலிருந்து பின்பக்கம் போகும் தண்டு வண்டியின் நடுவில் இல்லை, வலப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. அதற்கேற்றாற்போல் அச்சின் குண்டும் வலப்பக்கம் ஒதுங்கி இருக்கிறது. பின்தண்டு நடுவில் வரும் புதுப் பெட்டியை மாட்டினால் பின் அச்சை மாற்ற வேண்டும், தண்டுகளை மாற்ற வேண்டும், அடிச்சட்டத்தின் குறுக்குக் கட்டையை அறுத்து ஒட்ட வேண்டும். "அப்பறம் உங்கப்பா வண்டின்னு பேர்ப் பலகை மட்டுந்தானுங்க மிஞ்சும்" என்றார். சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும் வண்டியின் மூல வடிவத்தை நம் இஷ்டத்துக்கு மாற்ற விடுவதில்லை. மருமகன் முகம் சுருங்கியது. நான் உள்ளுக்குள் மகிழ்ந்தேனா என்றால், ஆமாம்.

பெட்டியை இறக்கிப் பிரித்த அன்று என்னை வரச்சொல்லி ஆளனுப்பினார். மேசை மேல் பழைய செய்தித்தாள் விரித்து, மண்ணெண்ணெயில் கழுவிய பற்சக்கரங்களை வரிசையாக வைத்திருந்தார்.

"யாருங்க ஓட்டுனாங்க இந்த வண்டிய?"

"எங்கப்பாங்க."

"தார் ரோட்டுல நாலு சக்கரத்தயும் போட்டு ஓட்டியிருக்காருங்க. ஒருநா ரெண்டுநா இல்லீங்க, வருசக்கணக்கா."

நடுத்தண்டைக் கையில் கொடுத்தார். ஊசி உருளைகள் ஓடிய இடத்தில் விரல் வைத்தால் பள்ளம் தட்டியது. அந்தத் தண்டு உட்காரும் துளை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் தேய்ந்திருந்தது. ஊளை அங்கிருந்துதான் வந்திருக்கிறது. எண்ணெய் கசிந்ததும் அங்கேயும் பின்பக்க சீலிலும்தான். கசிந்த எண்ணெய் நேரே போய்ச் சேருமிடம் கைபிரேக். அந்த ஜீப்பில் கைபிரேக் சக்கரத்தில் இல்லை. இந்தப் பெட்டியின் பின்புறத்திலேயே ஒரு சிறு டிரம்மாகத் தொங்குகிறது.

தார்ச்சாலையில் நான்கு சக்கரமும் போடக்கூடாது என்பதன் காரணத்தை அவர் தன் வழியில் விளக்கினார். வளைவில் முன்சக்கரங்கள் பெரிய வட்டமும் பின்சக்கரங்கள் சிறிய வட்டமும் போகின்றன. மண்ணிலும் சேற்றிலும் டயர் சற்றே வழுக்கி அந்தக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். தார் விடாது. மிச்சமாகும் சுற்று எங்கே போகும்? தண்டுகளில் முறுக்காக ஏறும். "மில்லுல நூலுக்கு முறுக்கேத்தறாப்பலீங்க. நாப்பது வளைவுக்கு நாப்பது முறுக்கு." அப்படி முறுகிய நிலையில் நெம்புகோலை இழுத்தால் வராது, பற்கள் இறுகிப் பிடித்துக்கொண்டிருக்கும். வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்தால் முறுக்கு அவிழும், அப்போதுதான் லோவும் கழலும்.

எனக்கு உட்கார வேண்டும்போலிருந்தது.

மலையிலிருந்து இறங்கி ஆழியாருக்கு வந்ததும் அப்பா வண்டியை ஓரங்கட்டுவார். பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுப் பத்தடி பின்னால் எடுப்பார். நெம்புகோலைத் தட்டுவார். பிறகுதான் ஊருக்குப் புறப்படுவார். ஒரு நாள் தவறியதில்லை. நானும் அக்காவும் பின்சீட்டில் சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து சிரிப்போம். மலைச்சாமிக்கு முதுகு காட்டாமல் இறங்குகிறார், கும்பிடு போடுகிறார் என்று அக்கா கண்டுபிடித்து வைத்திருந்தாள். பெரியவர்களான பிறகும் எங்கள் வீட்டில் எந்தக் காரியத்தையும் தொடங்கத் தயங்குகிறவர்களை "ஆழியாரு ரிவர்சு" என்று கேலி செய்வோம். அப்பாவும் கேட்டுக்கொண்டு இருந்தார். ஒருமுறைகூட விளக்கம் சொன்னதில்லை.

ஏன் அப்படி இறங்கினார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். 1987-ல், ஒன்பதாவது வளைவிலுள்ள லோம்ஸ் காட்சிமுனைக்குச் சற்று மேலே, பிரேக் மிதி தரை வரை போய்விட்டது. அந்தக் காலத்து வண்டிகளில் பிரேக் எண்ணெய்க்கு ஒரே பாதை. எங்கே ஒரு குழாய் விட்டாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. வண்டிக்குள் ஏழு பேர். அதில் ஒருத்தி நிறைமாதக்காரி, பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தவள். கைபிரேக்கை இழுத்திருக்கிறார். எண்ணெயில் ஊறிய டிரம் பிடிக்கவில்லை. மலைப்பக்கச் சுவரில் உரசி, மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினார். யாருக்கும் பெரிதாக அடியில்லை. அம்மாதான் எனக்கு இதைச் சொன்னாள், அதுவும் பல வருடம் கழித்து.

அதன்பின் அவர் பிரேக்கை நம்பவில்லை. லோவில் இறங்கினால் என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும். மேஸ்திரி சாக்பீசால் கணக்குப் போட்டார். முதல் கியர் 2.8, லோ 2.46, அச்சு 5.38. பெருக்கினால் என்ஜின் 37 சுற்றுச் சுற்றச் சக்கரம் ஒரு சுற்று. இரண்டாவது கியரில் இறங்கினாலும் மணிக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் சுமாருக்குத்தான் போகும். பின்னால் பஸ்காரர்கள் ஒலியெழுப்பித் திட்டுவது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. அப்பா காதில் அது விழுந்ததாகவே தெரியாது.

ஆனால் அந்தப் பெட்டியில் ஒரு நிபந்தனை உண்டு. முன் அச்சை இணைக்காமல் லோவுக்குப் போக முடியாது. பின் அச்சு ஒன்றே அத்தனை இழுவையையும் தாங்கி முறிந்துவிடக்கூடாது என்று வைத்த ஏற்பாடு. சில வண்டிகளில் முன்சக்கரக் குடத்தையே திருகி விடுவித்துக்கொள்ளும் பூட்டு இருக்கும். எங்களுடையதில் அது இல்லை. ஆகவே லோ வேண்டுமென்றால் நான்கு சக்கரமும் வேண்டும், நான்கு சக்கரம் போட்டால் முறுக்கு. உயிர் பிழைத்து இறங்க ஒவ்வொரு நாளும் வண்டியின் ஆயுளில் கொஞ்சம் கொடுத்திருக்கிறார். அதைத் தெரிந்தே கொடுத்திருக்கிறார் என்பதற்குத்தான் அந்தப் பத்தடி சாட்சி.

பழுதுபார்த்தது இப்படி. பழைய தண்டு 1⅛ அங்குலம். பின்னாளில் வந்த தடித்த தண்டு 1¼ அங்குலம். உக்கடத்தில் பழைய பாகங்கள் விற்கும் கடையில் தடித்த தண்டும் அதற்கு இணையான பற்சக்கரமும் கிடைத்தன. ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத்துப் பட்டறையில் துளையைப் பெரிதாக்கிக் கடைந்தார்கள். பம்பு செட்டுக்கும் மில்லுக்கும் உதிரிபாகம் கடைந்து பழகிய கை. முட்டை வடிவம் மறுபடி வட்டமாகி வந்தது. சீல்கள் புதிது. பிரேக்குக் குழாய்கள் முழுதும் புதிது.

கடைசியில் மேஸ்திரி மூடியைக் கழற்றி, இரண்டு நெம்புகோல் தண்டுகளுக்கு நடுவிலிருந்து சிறுவிரல் நகமளவு உருக்குத் துண்டு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இதாங்க பூட்டு. இத எடுத்துட்டா முன்னச்சு இல்லாமயே லோ விழுகும். எறக்கத்துக்கு மட்டும் வெச்சுக்குங்க. பாரம் ஏத்தி மேட்டுல இப்பிடிப் போட்டீங்கன்னா பின்னச்சு போயிரும், அப்பறம் என்னயச் சொல்லக்கூடாது."

"இதுக்கு எவ்வளவுங்க?"

"இதுக்கென்னுங்க காசு."

இருபது வருடம் அப்பாவுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். இப்படிச் செய்யலாம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லையா, சொல்லியும் அவர் பின் அச்சுக்குப் பயந்து விட்டுவிட்டாரா, இனி கேட்க ஆளில்லை.

சென்ற மாதம் அக்காவை ஏற்றிக்கொண்டு வால்பாறை போய் வந்தேன். இறக்கத்தில் லோவில், பின்சக்கரங்களை மட்டும் இணைத்து, இரண்டாவது கியரில் வந்தோம். ஊளை பெரும்பாலும் போய்விட்டது. ஒரு மெல்லிய முனகல் மிச்சமிருக்கிறது. அதை எடுத்துவிடலாமா என்று மேஸ்திரி கேட்டபோது வேண்டாம் என்றுவிட்டேன். பின்னால் வந்த பஸ்காரர் விடாமல் ஒலியெழுப்பினார். ஆழியாரில் ஓரங்கட்டினேன். நெம்புகோலில் கை வைத்ததும் வெண்ணெயில் இறங்கின கத்திபோல் வந்துவிட்டது.

அக்கா அதுவரை ஒன்றும் பேசாமல் அணைப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏஞ்சாமி, பின்னால எடுக்கலையா?" என்றாள்.

அவளுக்கு இதெல்லாம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. என்ஜினை அணைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினேன்.