இழுக்குமா, நிற்குமா?

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லப்படும் சக்கர வீட்டை மேல்நாட்டார் ‘காரவன்’ என்பர்; ‘கார்வான்’ என்னும் பாரசீகச் சொல்லின் திரிபு அது. அரபியர் பயணக் கூட்டத்தைக் ‘காஃபிலா’ என்றனர். ‘திரும்புதல்’ என்னும் பொருளுடைய வேரிற் பிறந்த சொல். புறப்படும் கூட்டத்திற்கே நன்னிமித்தமாக அப்பெயரை இட்டனராம்!

கம்பம் பள்ளத்தாக்கில் சக்கர வீடு இழுப்பார் அரியர். ஆயினும், உறவினர் நிக்காஹுக்குப் பெட்டி படுக்கையுடன் 10 பேரை ஒரே காரில் அடைத்துக்கொண்டு குமுளி மலையேறும் குடும்பங்கள் உண்டு. கார் வாங்குவோர், ‘மேட்டில் இழுக்குமா?’ என்றே வினவுகின்றனர். இறக்கத்தில் நிற்குமா என்பதன்றோ கேள்வி! மாட்டுவண்டி ஓட்டியவர் அறிவர்: மேட்டில் வண்டியை மாடு இழுக்கும், இறக்கத்தில் மாட்டை வண்டி தள்ளும். பின்னே பூட்டிய வண்டிக்கும் கூரைமேல் ஏற்றிய மூட்டைக்கும் இதுவே விதி. 17 கொண்டை ஊசி வளைவுகளையுடைய போடிமெட்டுச் சாலையில் ஓயாது மிதிக்கப்படும் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறிய கியரிலேயே இறங்கி, எஞ்சினைக் கொண்டே வேகத்தை அடக்குதல் வேண்டும். 2022 டிசம்பரில் குமுளி மலைச்சாலையில் கார் பள்ளத்தில் விழுந்து ஐயப்ப பக்தர்கள் 8 பேர் மாண்ட துயரை இவ்வட்டாரம் மறக்கவில்லை.

2023 அக்டோபர் முதல் ‘பாரத் என்கேப்’ திட்டம் கார்களை மோதிச் சோதித்து நட்சத்திரங்கள் வழங்குகின்றது. அவற்றைப் பார்த்தே வாங்குங்கள். எனினும், நிறைசுமையோடு மலையிறங்கும் பிரேக்கின் வலிமையை அந்நட்சத்திரங்கள் சொல்லமாட்டா. வண்டியின் கையேட்டில் மொத்த எடை வரம்பையும், பின்வண்டி இழுக்க அனுமதியுண்டா என்பதையும் வாசியுங்கள். ஏழு பேர் அமரலாம் என்பார் விற்பனையாளர். அவ்வெழுவரின் பெட்டிகளைப் பற்றி அவர் வாய் திறப்பதில்லை.